மோட்டார் காயும்வரை

எங்கள் சந்தில் மேகம் கறுத்தாலே தண்ணீர் நிற்கும். காளிகாட்டில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. அதனால் வீட்டின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் அறையில் நான் நடத்தும் மரவேலைக் கூடத்தில் எதுவும் தரையில் இருக்காது. உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் சுவரில் தொங்கும். மரம் அறுக்கும் மெஷின் உயரமான மேடையில் இருக்கும். வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு எனக்கென்று கிடைத்த ஒரே இடம் அது. என் கணவர்கூடத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

சரஸ்வதி பூஜையன்று மட்டும் அங்கே அவர் ராஜ்ஜியம். ஆயுதங்களைச் சாமி படத்தின் முன்னால் தரையில்தான் பரப்ப வேண்டும், மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். போன வருஷம், படத்தையும் மேடையிலேயே வைத்துவிடலாமே என்று கேட்டேன்.

"எங்க வீட்ல யாரும் அப்படிச் செஞ்சதில்ல" என்றார்.

நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வாய்ச்சண்டை என்று உளி முதல் பலகைவரை எல்லாவற்றையும் இறக்கினேன். மெஷினையும் இருவருமாகத் தூக்கிக் கீழே வைத்தோம். அவர் சந்தனம் குங்குமம் இட்டு, சுவரில் தொங்கிய படத்துக்குச் சீரியல் விளக்கு மாட்டினார். சாமி விளக்கை அணைக்கக் கூடாதாம். எரிய விட்டுவிட்டு கரியாஹாட் பக்கம் வங்காளிகளின் பூஜைப் பந்தல் பார்க்கப் போனோம். படித்தவர்கள் இருவர் சேர்ந்து செய்த காரியம் இது.

அங்கே பிடித்துக்கொண்டது மழை. ஆட்டோவில் திரும்பி வந்தால் எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். தண்ணீரை அளைந்துகொண்டே நடந்து, வீட்டுக்குள் ஏறி, உட்புறப் படிக்கட்டு வழியாகக் கூடத்துக்கு ஓடினேன். கதவைத் திறந்தால் கருப்பாகச் சாக்கடைத் தண்ணீர். மெஷினின் மேல்தட்டு மட்டும் தெரிந்தது. உளிகளைக் காணோம். கீழ்ப்படிவரை தண்ணீர் ஏறியிருந்தது. நான் காலை வைக்கப் போனேன். பின்னாலிருந்து அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"தொடாதே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இப்பவும் சாஸ்திரமா? கையை விடுங்க."

"விளக்கு எரியுது, பாரு."

பார்த்தேன். படத்தைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அதன் எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் வைத்தது. இப்போது தண்ணீருக்கு அடியில் இருந்தது.

மெயின் சுவிட்ச் மாடியில், வீட்டுக்காரம்மாவின் வராந்தாவில். அவரை நாங்கள் பௌதி என்போம், அண்ணி மாதிரி. மெயினை அணைக்கச் சொல்லி, "பௌதி, மெயின் பொந்தோ கொருன்" என்று கத்தினேன். பதில் இல்லை. பக்கத்துப் பந்தலில் டாக் மேளம் அடிக்கிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? என் கணவர் என் கையை விடவே இல்லை. மீண்டும் மீண்டும் கத்தினேன். கடைசியில் மாடியில் காலடிச் சத்தம் கேட்டது, விளக்கு அணைந்தது. அதன் பிறகுதான் அவர் என் கையை விட்டார்.

தொடக் கூடாத நாளில் எல்லாவற்றையும் தொட்டேன். தண்ணீர் வடிந்ததும் சேற்றில் துழாவி ஒவ்வொன்றாக எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசினேன். அவர் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ப்ளைவுட் ஊதி வீணாய்ப் போயிருந்தது. தேக்குப் பலகைகளை இடையிடையே சட்டம் வைத்து நிழலில் அடுக்கினேன். வெயிலில் போட்டால் கோணிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்.

"இத்தோட போதும். அறையைப் பௌதிகிட்டயே திருப்பிக் கொடுத்துடலாம்."

"இறக்க வெச்சது யாரு?" என்றேன்.

அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. அவர் அலிப்பூரில் ஆபீசுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். நான் மோட்டாரைக் கழற்றிச் சேற்றைக் கழுவி, மின்விசிறிக்கு முன்னால் காயப் போட்டேன். புது மோட்டார் வாங்க அவரிடம் வாய் திறந்தால் அறை போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஈரத்தோடு ஓட்டினால் உள்ளே கம்பிச்சுற்று கருகிவிடும், அப்போதும் அறை போய்விடும். லட்சுமி பூஜை வந்து போனது. தினமும் மோட்டாரை எடுத்து மாட்டக் கை போகும், திரும்பும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பிக்கை வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை மாட்டினேன். இதற்குமேல் காய ஒன்றுமில்லை. சுவிட்சில் விரல் வைத்தேன். அழுத்த முடியவில்லை. அந்தப் பச்சையும் சிவப்பும் கண்ணுக்குள் மினுக்கின. இனி இந்த அறையில் நானே வேலை செய்ய மாட்டேனோ என்ற பயம் அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக வந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவர் ரப்பர் செருப்போடு நின்றார். கையில் எங்கள் சமையலறைப் பூரிக்கட்டை.

"அது எதுக்கு?"

"உனக்கு ஷாக் அடிச்சா தட்டி விடணும். இங்க இருக்கற கட்டை எல்லாம் ஈரம். இதுதான் காய்ஞ்சது."

"அறையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னீங்களே."

"பயமா இருந்துது. சொல்லத் தெரியல." கட்டையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "போடு."

போட்டேன். மெஷின் உறுமி ஓடியது. ஒரு பலகையை எடுத்து நீளவாக்கில் அறுத்தேன். கடைசி அங்குலம் பிரிந்து, நான் சுவிட்சை அணைக்கும்வரை, ஓங்கிய பூரிக்கட்டையை அவர் இறக்கவே இல்லை.