பதினோரு ஒன்றுகள்

ராயபுரம் கூட்ஸ் யார்டில் வேகன் நம்பர் எழுதும் வேலை பார்த்தவர் ஹென்றி. 1949 ஐப்பசி மழையில் இரண்டு வேகன்களுக்கு நடுவே சிக்கி, இடுப்புக்குக் கீழே நசுங்கிப் போனார். மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, இனி நடக்க முடியாது என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிட்டது. மனைவி வியாகுலம்மாள் திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்குப் போனாள்.

வலி வந்தால் அவர் கத்துவதில்லை, கணக்குப் போடுவார். வேகன் நம்பரைப் பார்த்ததும் அது எதனால் வகுபடும் என்று உடைத்துப் பார்ப்பது பழைய பழக்கம். படுக்கையில், 111, 1111 என்று ஒன்றையே வரிசையாக எழுதி உடைத்தார். ஏழு ஒன்றுகள் 239இல் உடைந்தன. மூன்று ஒன்றுகள் முதல் பத்து ஒன்றுகள் வரை எல்லாமே உடைந்தன. பதினோரு ஒன்றுகள் மட்டும் அசையவில்லை. மூன்று, ஏழு, பதிமூன்று, எதில் வகுத்தாலும் மீதி நின்றது.

"உட்டுத் தொலையேன்யா. ஜுரம் வேற அடிச்சிகினு கீது."

"நான் உட்டாலும் அது உட மாட்டேங்குது, வியாகுலம்."

கம்பெனியில் கழித்துப் போட்ட லேபிள்களை அவள் பொறுக்கி வந்து கொடுத்தாள். அவற்றின் பின்புறத்தில், பகா எண்களாகப் பார்த்து நாளுக்கு மூன்று நான்கு எண்களால் வகுத்தார். முதுகில் படுக்கைப் புண் வைத்தது. அவள் வெந்நீரில் துடைக்கும்போது குப்புறக் கிடந்தபடியே எழுதினார். இரண்டு வருஷத்தில் வகுக்கும் எண் இருபதாயிரத்தைத் தாண்டியது.

1952இல் ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வியாகுலம், மீதி இல்ல."

21649ஆல் வகுத்திருந்தார். ஈவு 513239. இரண்டு முறை போட்டுப் பார்த்தாராம்.

"அந்தப் பெருச இன்னும் ஒடைக்கணுமா?"

"வாணாம். அத்த ஒடைக்கிறது எதுவோ, அது பதினோரு ஒண்ணயும் ஒடைச்சிருக்கும். சின்னதெல்லாம்தான் போட்டுப் பாத்துட்டேனே. முடிஞ்சிச்சி."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அவளுக்குப் பயம் வந்தது. "பன்னெண்டு ஒண்ணு போடேன்யா" என்றாள்.

"அது பதினொண்ணுலயே ஒடஞ்சிடும்."

"பதிமூணு?"

"காலைலயே போட்டேன். அம்பத்தி மூணுல பூட்ச்சி." யாரோ ஏமாற்றிவிட்டதுபோல் சொன்னார்.

அதற்குப் பிறகு பென்சிலைத் தொடவில்லை. புண் சீழ் பிடித்து உள்ளே இறங்கியது. மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தார்.

காசிமேட்டுக் கல்லறையில் மண் போட்ட பிறகு, கூட வேலை பார்த்த வெள்ளத்துரை கேட்டான்: "இத்தினி நாளா படுத்துகினு இன்னாக்கா பண்ணாரு?"

"பதினோரு ஒண்ண ஒடச்சாரு."

அவனுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான்.

ஒரு வாரம் கழித்து, வேலைக்குப் போகாத ஒரு நாள் பகலில், அவள் அந்த இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்கினாள். படித்தது ஐந்தாம் வகுப்பு. முதல் தடவை எங்கோ தப்பியது. இரண்டாம் தடவை கூட்டிக்கொண்டே வர, கோட்டுக்குக் கீழே ஒன்று, ஒன்று, ஒன்று என்று பதினொன்றும் வந்து நின்றன. கூப்பிட்டுச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.