வெள்ளையம்மாள் ஒளித்து வைத்த கோழி

அடி அண்ணாமலையில் என் பக்கத்து வீட்டுக்காரி வெள்ளையம்மாளுக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார். கிரிவலம் போகிறவர்கள் வேலியோரம் மூச்சு வாங்க நின்றால், கோழி திருட நோட்டம் பார்க்கிறார்கள். பௌர்ணமிக்கு நான் வாசலில் சோடாக் கடை போடுவதால், அந்தக் கூட்டத்தைக் கூட்டி வருவதே நான்தானாம். அப்படிப் பார்த்தால் அண்ணாமலையாரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

புருஷன் போன பிறகு நாட்டுக்கோழிக் குஞ்சு விற்றுத்தான் அவள் பிழைப்பு. இந்த வருஷம் அடை வைத்துப் பொரித்த குஞ்செல்லாம், பின்பக்கம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, சில நாளிலேயே செத்து விழுந்தன. அடுத்தடுத்து மூன்று அடை போய்விட்டது. நாலாவது அடை கூடையில் இருந்தது, பொரிக்கும் நாளும் நெருங்கிவிட்டது. அதுவும் போனால் கோழியே வேண்டாம், கூலிக்குப் போகிறேன் என்றாள். வாய் அதைச் சொன்னது, கண் என்னைப் பார்த்தது. என் திருஷ்டிதான் பட்டுவிட்டதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தில் நான்தான் கால்நடை டாக்டர் நந்தினியை வரவழைத்தேன். தாய்க்கோழி பார்க்க நன்றாகவே இருக்கும், அதன் உடம்பில் ஒளிந்திருக்கும் நோய் முட்டை வழியாகக் குஞ்சுக்கு வரலாம், எல்லாக் கோழிக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

வெள்ளையம்மாள் என் காதைக் கடித்தாள். "ரத்தம் எடுத்து இன்னா பண்ணப் போறாங்க? ஊசியில நோயை ஏத்திட்டு, அப்பறம் பிராய்லர் வளர்த்துக்கோன்னு வருவாங்க. எனக்குத் தெரியாதா?"

ஆனாலும் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். டாக்டர் இறக்கைக்கு அடியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைப் பீங்கான் ஓட்டில் ஊதா நிற மருந்தோடு கலந்து ஆட்டினார். நோய் இருந்தால் திப்பி திப்பியாகத் திரளுமாம். ஒன்றிலும் திரளவில்லை. வெள்ளையம்மாள் மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

அப்போது குளியலறைக்குள்ளிருந்து ஒரு கோழி, முட்டை போட்ட சந்தோஷத்தில் கொக்கரித்தது.

"இன்னொண்ணு இருக்காம்மா?" என்றார் டாக்டர்.

"அது இந்தக் காசியம்மா வீட்டுக் கோழிங்க" என்று என்னைக் காட்டினாள் வெள்ளையம்மாள்.

"எங்க வீட்ல கோழியே கிடையாதுங்க" என்றேன்.

டாக்டர் கதவைத் திறந்தார். உள்ளே காலில் மஞ்சள் துணி கட்டிய சிவப்புப் பெட்டை. குஞ்சுகளுக்கு நோய் நொடி வரக்கூடாது என்று, ஆடியில் முனீஸ்வரனுக்கு அறுக்க நேர்ந்துவிட்ட கோழி அது. சாமிக்குக் கொடுக்கும் முன் அதன் ரத்தம் வேறெங்கும் சிந்தக்கூடாது. அதற்காக ஒளித்து வைத்திருக்கிறாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"குஞ்சுங்களுக்காகத்தானேக்கா நேர்ந்துக்கிட்டே? அதுங்களுக்காக ஒரு சொட்டு குடுத்தா சாமி கோச்சுக்காது" என்றேன்.

கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கோழியை மடியில் பிடித்தாள். டாக்டர் பீங்கான் ஓட்டை ஆட்டினார். பால் திரிந்த மாதிரி ஊதா நிறம் திரண்டு பிரிந்தது.

"மருந்துல ஏதோ பண்ணிட்டீங்க" என்று எழுந்தவள், வேறொரு கோழியைத் தானே பிடித்து வந்தாள். அதே மருந்துதான், திரளவில்லை. மறுபடியும் சிவப்புப் பெட்டையைக் கொடுத்தாள். திரண்டது.

வெள்ளையம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாமிக் கோழியின் முட்டை ராசியானது என்று, இந்த வருஷம் நாலு அடைக்கும் அதன் முட்டையைத்தான் வைத்திருந்தாள்.

"இந்தக் கோழியை வெச்சிருக்கக் கூடாதும்மா. அடையில இருக்கற முட்டையையும் புதைச்சிடுங்க. பொரிச்சா மத்த கோழிக்கும் பரவிடும்" என்றார் டாக்டர்.

கோழியை அப்புறப்படுத்துவதை டாக்டர் பார்த்துக்கொண்டார். வேலியோரம் நான் குழி வெட்டினேன். வெள்ளையம்மாள் முந்தானையில் முட்டைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். யாரையும் குறை சொல்லவில்லை.

கடைசி முட்டையைக் காதில் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"காசி, உள்ள கீச்சுங்குதுடி. எனக்குத்தான் அப்படிக் கேக்குதா? நீ கேளேன்."

வாங்கிக் காதில் வைத்தேன். நன்றாகவே கேட்டது.

"ஒண்ணும் கேக்கலக்கா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை.

"அப்ப சரி" என்று முட்டையை வாங்கிக் குழியில் வைத்தாள்.