இரண்டாவது ரிமோட்

குளித்துவிட்டு வெளியே வரும்போதே அவர் இடப்பக்கம் சாய்கிறார். சோபாவைச் சுற்றி ஒரு வட்டம், சாப்பாட்டு மேசைப் பக்கம் தாழ்வாக ஒரு பாய்ச்சல். கட்டைவிரல்கள் இரண்டும் கையில் இல்லாத ரிமோட்டின் குச்சிகளைத் தள்ளுகின்றன. "துண்டு அவுருது, பைலட் சார்," என்கிறாள் மனைவி, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தொழில், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். "ரோட்டைப் பாரும்மா, என் மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருக்கு?" பயிற்சிக் காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை அழுத்தி அழுத்தி வலது செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

ஐம்பதைத் தாண்டியபின் திடீரென்று ரிமோட் விமானப் பைத்தியம் பிடித்தது. மஞ்சள் இறக்கை வைத்த தெர்மாகோல் விமானம் ஒன்றை வாங்கிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு, ஞாயிறுதோறும் சிலர் கூடிப் பறக்கவிடும் மைதானத்துக்குப் போனார். அங்கே சொல்லிக்கொடுப்பவர் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்மணி. எல்லோருக்கும் அவர் மாத்திரை மேடம்.

"புதுசா வர்றவங்க ரிமோட்டோட என் ரிமோட்டையும் சேர்த்து மாட்டிக்குவேன் சார். நீங்க தடுமாறினா நான் பிடிச்சுக்குவேன்."

"எனக்கேவா? ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்தவன். இந்த தெர்மாகோலை ஓட்டமாட்டேனா?"

விலகிப் போகும்வரை விமானம் நல்ல பிள்ளையாகத்தான் போனது. திரும்பி அவரைப் பார்த்து வரத் தொடங்கியதும் இடம் வலமானது, வலம் இடமானது. மைதானத்தில் இருந்த ஒரே மரத்தைத் தேடிப்பிடித்து அதில் போய்ச் செருகிக்கொண்டது. அவருடைய வலது கால் தரையை ஓங்கி அழுத்திக்கொண்டிருந்தது.

"அங்க பிரேக் இல்லை சார்," என்றார் மேடம். மனைவி சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் உட்கார்ந்தேவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க விமானத்தின் உடைந்த மூக்கைப் பசையால் ஒட்டிக்கொண்டிருந்தார். யாரையும் திட்டவில்லை. காரில் பழகுகிறவர்கள் வாத்தியாருக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தார்கள். அடுத்த ஞாயிறு மேடம் முன்னால் போய் நின்றார். "சரி, உங்களுதையும் மாட்டுங்க."

"எதிர்ல வரும்போது எந்த இறக்கை தாழுதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்க. பதறாதீங்க."

பதறாதே என்று அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அவரிடம் ஒருவர் சொல்வது இதுதான் முதல் தடவை.

போன ஞாயிறு நல்ல காற்று. விமானம் திரும்பியதும் இறக்கை சரிந்தது. "மேடம், போகுது! பிடிங்க, பிடிங்க!"

"பிடிச்சுக்கிட்டேன். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தாழ்ந்த பக்கமே தள்ளினார். இறக்கை நிமிர்ந்தது. ஒரு சுற்று வந்து, மோட்டாரை அடக்கினார். புல்லில் தவளை மாதிரி தத்தித் தத்தி வந்து நின்றது விமானம். முழுசாக.

"நல்ல நேரத்துல பிடிச்சீங்க மேடம்!" என்று திரும்பினார். மேடத்தின் ரிமோட் புல்லில் விரித்த பாயில் கிடந்தது. மேடமோ மனைவியோடு உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்ப கீழ வச்சீங்க?"

"விமானம் மேல ஏறினதுமே."

"அடப்பாவமே! பிரேக்ல கால் இருக்குன்னு சொல்லிட்டுக் காலை எடுத்துக்கிறது, இதைத்தானே நான் கடைசியில எல்லார்கிட்டயும் பண்றேன்!" என்றார். அப்படியே புல்லில் உட்கார்ந்தார்.

"அழகா இறக்கினீங்க," என்றாள் மனைவி. கேலி இல்லை. "இன்னைக்கு நீங்க ஓட்டினது போதும். சாவியைக் குடுங்க, நான் ஓட்டுறேன்."

சாவியைக் கொடுத்தார். பின்சீட்டில் விமானத்தை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டார். அதற்கு பெல்ட்டை மாட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான், "ம், எடு," என்றார்.