அப்பளமாய் நெளிந்த மரத்தகடு

பினாங்குத் தெரு வீட்டில் நேற்று அந்த அலமாரியைப் பார்த்தேன். கதவில் ஒட்டிய மரத்தகட்டின் சுழிகள் இன்னும் தேன் நிறத்தில் மின்னுகின்றன. பார்த்ததும், இந்த வயதிலும், எங்காவது விரிசல் விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன்.

தகடு என்றால் காகிதம்போல் மெல்லியதாகச் சீவிய மரம். எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் புருஷன், மகள் கல்யாண அலமாரிக்கென்று கப்பல்காரர் ஒருவரிடம் ஆசையாக வாங்கி வைத்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பரணில் கிடந்த தகடோ பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்தது. அதே சுழியில் இன்னொன்று ஊரிலேயே கிடையாது. "அவரு வாங்குன மரம் அவரு மக வீட்டுக்குப் போவணும் தம்பி. வேற ஒண்ணும் கேக்கல," என்று அக்கா எங்கள் பட்டறையில் அதை இறக்கியபோது கல்யாணம் நெருங்கிவிட்டது.

பட்டறை என் தமக்கை புருஷனுடையது. அத்தான் ஊரறிந்த முன்கோபி. ஆனால் அந்தத் தகட்டின் முன்னால் பெட்டிப் பாம்பாய் அடங்கிப்போனார். வச்சிரப் பசையை நீர்க்கக் கரைத்து இருபுறமும் தடவி, பதமானதும் துணியோடு இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, திருகாணியை மெல்ல மெல்ல முடுக்கினார். ஒருமுறை உள்ளே 'டிக்' என்றது. அத்தான் உடனே திருகாணியைத் தளர்த்திப் பார்த்தார். நல்ல வேளை, முனகியது பலகைதான். ஈரம் இழுத்த துணியை எடுத்துக் காய்ந்ததை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடைமழையில் காய்ந்த துணி தீர்ந்துபோனது. அவசரத்தில் அத்தான் தன் புதுக் கைலியை வைத்துவிட்டார். மறுநாள் பிரித்தால் தகட்டின் ஓரத்தில் நீலச் சாயம்! அட பாவி மனுஷா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா வாசலில் வந்து நின்றார். அத்தான் சாயம் பட்ட ஓரத்தைக் காட்டினார். "ஓரந்தான் லா, வெட்டிருவேன் அக்கா. ஆனா இன்னும் ஈரம் போவல. இப்பவே ஒட்டுனா வெடிச்சிரும். சாயமில்லாத துணி வேணும்." அக்கா திரும்பிப் போனார். வேலையே கைவிட்டுப் போயிற்று என்றுதான் நினைத்தேன். சற்று நேரத்தில் புருஷனுடைய வெள்ளை வேட்டிகளை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்தார். "அவரு உடுத்தி நாந்தான் தொவைச்சேன். சாயம் போவாது." 

அந்த வேட்டிகளை மாற்றி மாற்றி வைத்துத்தான் தகடு படிந்தது. விரிசல் விழாமல் ஒட்டியும் முடித்தோம். ஆனால் ஒரு வேட்டியில் மரத்தின் சுழி அப்படியே பழுப்பாக ஊறிவிட்டிருந்தது. "சவுக்காரம் போட்டு வெளுத்துத் தர்றேன் அக்கா," என்றார் அத்தான். "வேணாம் தம்பி," என்று அக்கா அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார்.

நேற்று அந்த வீட்டில் அக்காவின் மகள் அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டில் அந்த வேட்டி. கதவிலிருக்கும் அதே சுழி, மங்கிப்போய். "கண்ண மூடுறவரைக்கும் அம்மா இதத் தொவைக்க விடல மாமா," என்றாள். நான் கதவைத் தடவிப் பார்த்தேன். எங்கும் மேடு தட்டவில்லை.