கேட்ட சொல் ஒன்று, கிடைத்த சொல் வேறு

என் பேத்தி மர்யம் தன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள். மோதிவிட்டு அழுதாள். அழுதுவிட்டு மீண்டும் மோதினாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. எங்கே வலிக்கிறது, என்ன வேண்டும், யார் என்ன செய்தார்கள் என்பதில் எதையும் சொல்ல அவளுக்கு வழி இருக்கவில்லை. அவளுடைய தாயும் என் மகளுமாகிய சபீனா, சுவருக்கும் பிள்ளையின் தலைக்கும் நடுவே தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை வீங்கிப்போயிற்று. நான் தொழுகை விரிப்பில் அமர்ந்திருந்தேன். இறைவனிடம் கேட்க அன்று எனக்கும் சொல் வரவில்லை.

ஈமான் கொண்ட சகோதர சகோதரிகளே, நான் பாலக்கோடு தக்காளிச் சந்தைக்கு அருகில் கயிறும் சாக்கும் பிளாஸ்டிக் கூடைகளும் விற்பவன். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பொட்டலம் கட்ட வாங்கிய பழைய செய்தித்தாள்களைப் படித்தே தமிழ் எழுதக் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பேச்சு உருது. அதுவும் எந்த இலக்கணத்திலும் சேராத, இந்தப் பக்கத்து உருது. ஆகவே எழுத்தில் பிழை இருப்பின் பொறுத்தருள்க. செய்தியில் பிழை இல்லை. அல்லாஹ் என் துஆவை, என் வேண்டுதலை, ஏற்றுக்கொண்டான் என்று சாட்சி சொல்லவே எழுதுகிறேன். ஆனால் கசப்பை வடிகட்டிவிட்டு நன்றியை மட்டும் ஊற்றிக் கொடுத்தால் அது பொய்ச் சாட்சியாகும்.

மர்யம் பிறந்து இரண்டு ஆண்டுகள் ஆன பின்பும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டாள். ஓடுகின்ற மின்விசிறி நின்றால் உடனே திரும்புவாள். தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்து இழுத்துச் சென்று தண்ணீர்க் குடத்தின் மேல் வைப்பாள். என் முகத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். ஆட்டிசம் என்று மருத்துவர்கள் கூறினர். அந்தச் சொல்லை எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்குமுன் கேட்டதில்லை.

என் மருமகன் இலியாஸ் தருமபுரியில் துணிக்கடை வைத்திருந்தார். ஒருநாள் அவருடைய தாயார் என்னை வரவழைத்தார். அவர் உருதுவில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"எங்க வம்சத்துல ஊமை கெடையாதுங்க பாய். உங்க பொண்ணையும் பேத்தியையும் கூட்டிட்டுப் போங்க. இந்தப் புள்ள வாயத் தொறந்து 'அப்பா'ன்னு கூப்புட்ற அன்னிக்குக் கொண்டாந்து வுடுங்க."

"கூப்புடலன்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"அதை நீங்க தான் சொல்லணும்."

என் மருமகன் தூணோரம் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உருதுவிலும் 'அப்பா', தமிழிலும் 'அப்பா'. தமிழ் எழுத்தில் வேறுபாடே இல்லாத அந்த ஒரு சொல்லில் என் மகளின் வாழ்வு தொங்கியது.

இருவரையும் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்றுமுதல் என் துஆவும் அந்தச் சொல்லாகவே இருந்தது. யா அல்லாஹ், பிள்ளை ஒருமுறை 'அப்பா' என்று கூப்பிடட்டும். அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டேன்.

ஊர் சும்மா இருக்கவில்லை. நாக்கின் அடியில் நரம்பை வெட்டச் சொன்னார்கள். ஓதி ஊதிய தண்ணீர் தந்தார்கள். தாயத்து கட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் என் தோளில் கைபோட்டு, "ஏன் பாய், வயித்துல இருக்கறப்ப உங்க பொண்ணு எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருந்துச்சாமே?" என்று கேட்டார். அவருடைய பிள்ளைகள் நால்வரும் நன்றாகப் பேசுவார்கள். தகப்பனைப்போலவே பேசுவார்கள்.

அக்காலத்தில்தான் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு அங்கே அழைத்துச் சென்றோம். ஊரும் பெயரும் வேண்டாம். அங்கிருந்த அம்மையார் பிள்ளையைப் பார்ப்பதற்குமுன் எங்களைப் பார்த்தார்.

"வூட்ல என்னங்க பேசுவீங்க?"

"உருதுங்க."

"வெளிய தமிழு, உள்ள உருது, நாளைக்கு ஸ்கூல் போனா இங்கிலீஷு. இந்த மாதிரி புள்ளைங்களுக்கு மூளை கொழம்பிடுங்க. உருதுவ இன்னியோட நிறுத்திடுங்க. தமிழ் மட்டும்தான். ஒரு வார்த்தை கூட வரக்கூடாது."

நாங்கள் கட்டுப்பட்டோம். படித்தவர் சொல்கிறார் அல்லவா?

எங்களுக்குத் தமிழ் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். எங்கள் தமிழ் விலை பேசத் தெரிந்த தமிழ். கூடை எவ்வளவு, சாக்கு எவ்வளவு, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லத் தெரிந்த தமிழ். பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சுகின்ற தமிழ் எங்கள் வீட்டுக்குள் எக்காலத்திலும் வந்ததில்லை. அதுவரை சபீனா குளிப்பாட்டும்போதும் தலைவாரும்போதும் உருதுவில் ஏதேதோ பேசிக்கொண்டே இருப்பாள். பிள்ளையும் கூடவே முனகும். அன்றிலிருந்து "வா. உக்காரு. சாப்புடு. தொடாதே" என்பதோடு நின்றாள். வீடு கடையாயிற்று. பிள்ளையின் முனகலும் நின்றது.

எஞ்சியது எதிரொலி ஒன்றே. "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "வேணுமா" என்பாள். "பசிக்குதா?" என்றால் "பசிக்குதா" என்பாள். மையத்து அம்மையார், "இது பேச்சில்லைங்க, கிளிப்பிள்ளை. பதில் சொல்லாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்தவர்களோ சிரித்தார்கள். "பாருங்க, நம்மளையே திருப்பிக் கேக்குது" என்று வேண்டுமென்றே மீண்டும் மீண்டும் கேட்டு மகிழ்ந்தார்கள். உறவினர்கள்தாம்.

இரண்டு ஆண்டுகள் அவ்வாறு சென்றன. அந்த வீட்டில் உருது தப்பிப் பிழைத்த ஒரே இடம் என் துஆ. அதையும் பிள்ளையின் காதில் விழாமல் உதட்டுக்குள் கேட்டேன்.

அதன் பிறகே, நான் தொடக்கத்தில் கூறிய அந்த நாள்கள் வந்தன. பிள்ளை தலையை மோதினாள், உண்ண மறுத்தாள், அலறினாள். மையத்தில் கேட்டோம். "அது ஆட்டிசத்தோட குணங்க. கண்டுக்காதீங்க, கவனிச்சா இன்னும் ஜாஸ்தியாகும்" என்றார்கள். கண்டுகொள்ளாமல் இருக்க முயன்றோம். எப்படி முயன்றோம் என்பதை எழுத எனக்குத் தமிழ் போதாது.

ஒரு காலையில் தலையணை உறையில் சீழும் இரத்தமும் இருந்தன. இடது காதிலிருந்து வடிந்திருந்தது.

தருமபுரி அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். காது மருத்துவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பெரியவங்களே இந்த வலிய தாங்கமாட்டாங்க. இத்தனை நாள் சொல்லவே இல்லிங்களா?" என்றார். சொல்லவில்லை என்று நான் கூறவில்லை. சுவரில் மோதி மோதிச் சொன்னாள், எங்களுக்குத்தான் புரியவில்லை.

அன்று மருத்துவமனை மரத்தடியில் அஸர் தொழுதேன். தொழுதபின் கையேந்தியபோது என் துஆ தானாகவே மாறிவிட்டது. யா அல்லாஹ், அவள் யாரையும் அப்பா என்று கூப்பிட வேண்டாம். என்னைத் தாத்தா என்றும் அழைக்க வேண்டாம். தனக்கு வலிக்கிறது என்று சொல்ல ஒரு வழி கொடு. அது போதும். அந்த ஒன்றை மட்டும் கேட்டேன்.

நிற்க. காது மருத்துவர் எங்களை அதே வளாகத்தில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் அனுப்பினார். இளவயதுப் பெண்மணி. வீட்டில் என்ன மொழி என்று அவரும் கேட்டார். தேர்வில் வென்றவன்போல நான், "தமிழ் மட்டும்தாங்க" என்றேன். அந்நேரம் மர்யம் மருந்திட்ட காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். சபீனா தன்னை மறந்து அவளை இழுத்து அணைத்து உருதுவில் ஏதோ சொன்னாள். பிள்ளை அழுகையை நிறுத்தித் தாயின் வாயைப் பார்த்தது.

"இப்ப என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

திருடும்போது பிடிபட்டவளைப்போல என் மகள் எழுந்து நின்றாள். "தெரியாம வந்துருச்சுங்க மேடம். வூட்ல பேசறதே இல்லிங்க. சத்தியமா."

"ஏன் பேசறதில்லை?"

சொன்னோம்.

"உங்ககிட்ட யாரோ தப்பாச் சொல்லிட்டாங்கம்மா. ரெண்டு மொழியால ஆட்டிசம் வராது, ஜாஸ்தியும் ஆகாது. பேச்சு நாக்குல பொறக்கறதில்லைங்க, மூளையில பொறக்குது. இவ மூளை கெட்டுப்போகலை, வேற மாதிரி வளருது. கேக்கற சொல்லோட பாசம், விளையாட்டு, முகம் எல்லாம் சேர்ந்து வந்தாதான் அங்க ஒட்டும். நீங்க மனசுவிட்டுப் பேசற மொழியத் தூக்கிட்டா ஒட்டறதுக்கு என்ன இருக்கு?"

எதிரொலியைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவும் பேச்சுதாங்க. இப்படிப்பட்ட புள்ளைங்க பல பேர் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. சிரிக்காதீங்க. பதில் சொல்லுங்க."

அவர் வேறு எதையும் வாக்களிக்கவில்லை. குணமாகிவிடும் என்று கூறவில்லை. எப்போது பேசுவாள் என்று கேட்டதற்கு, தெரியாது என்றார். அத்தனை ஆண்டுகளில் எங்களிடம் தெரியாது என்று சொன்ன முதல் மனிதர் அவரே.

பாலக்கோட்டுக்குத் திரும்பும் பேருந்தில் ஏறியதும் சபீனா பிள்ளையிடம் பேசத் தொடங்கினாள். உருதுவில். நிறுத்தாமல். பேருந்தில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மரம், மாடு, கடை, மழை, பாட்டன், எல்லாவற்றையும் பேசினாள். கண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது; பேச்சும் வடிந்துகொண்டே இருந்தது.

பின்னர் ஒரு விந்தையைக் கண்டோம். எங்கள் உருதுவில் 'ஹோனா' என்றால் வேண்டும் என்று பொருள். "பானி ஹோனா?" என்றால் தண்ணீர் வேண்டுமா என்று கேள்வி. அதற்கு மர்யம் "ஹோனா" என்று எதிரொலித்தாள். வேண்டும் என்று பொருள்! தமிழில் நகைப்புக்கு இடமான அதே எதிரொலி, தாய்மொழியில் நேரான விடையாயிற்று. விடை கூறினாள் என்று நாங்கள் தண்ணீர் கொடுத்தோம். கொடுக்கக் கொடுக்க, சொன்னால் கிடைக்கும் என்று அவளுக்கு விளங்கியது. மாதங்கள் சென்றன. அதன்பின் ஒருநாள் யாரும் கேட்காமலேயே குடத்தருகே நின்று "ஹோனா" என்றாள். என் கையை இழுக்கவில்லை.

செய்தி தருமபுரிக்கு எட்டியது. அவ்வாண்டு ரமலான் பெருநாளன்று மருமகனும் அவருடைய தாயாரும் வந்தார்கள். தாயார் எங்கிருந்தோ ஓதி வாங்கிய தண்ணீரைப் புட்டியில் கொண்டுவந்திருந்தார். பிள்ளையை மடியில் இறுக்கி, தாடையைப் பிடித்து, கரண்டியை வாயருகே கொண்டுசென்றார்.

"குடிடி. குடிச்சிட்டு அப்பா சொல்லு. சொல்லு, அப்பா."

மர்யம் தலையைத் திருப்பினாள். அவர் மீண்டும் தாடையைப் பிடித்தார். பிள்ளை இரண்டு கைகளாலும் கரண்டியைத் தள்ளிவிட்டுத் தெளிவாகச் சொன்னாள்:

"நக்கோ."

எங்கள் உருதுவில் 'நக்கோ' என்றால் வேண்டாம். அது எதிரொலியன்று. அந்தச் சொல்லை அங்கு யாரும் உச்சரிக்கவில்லை. தன் உள்ளத்திலிருந்து, தனக்காக, அவளே எடுத்த சொல்.

"நல்ல நாளும் அதுவுமா, எங்ககிட்டப் பேசற மொதல் வார்த்தையே வேணாமா? அபசகுனம் புடிச்சது" என்று பிள்ளையை மடியிலிருந்து இறக்கினார் சம்பந்தி அம்மாள்.

"வேணாம்னுதானே சொன்னா. கைய எடுத்திருக்கலாமில்லைங்க?" என்றாள் சபீனா. தன் மாமியாரிடம் அவள் எதிர்த்துப் பேசியது அதுவே முதல்முறை. மருமகன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சேமியா பாயசம் கிண்ணத்தில் ஆறிக்கிடந்தது.

அடுத்த ஆண்டே என் மருமகனுக்கு மறுமணம் நடந்தது. அந்தத் திருமணத்தில் பிரியாணி உண்டவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். உண்டதைப் பற்றி நான் வருந்தவில்லை. உண்டுவிட்டு என் கடைக்கு வந்து, "எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம், பொறுமையா இருங்க பாய்" என்றீர்களே, அதை மறக்க முயல்கிறேன்.

என் துஆ ஏற்கப்பட்டதா என்று கேட்கிறீர்கள் அல்லவா? அதே ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நண்பகல். மர்யம் சமையற்கட்டில் நின்ற தாயிடம் சென்றாள். தாயின் கையை எடுத்துத் தன் காதின் மேல் வைத்தாள். முகத்தை நிமிர்த்தி, கண்ணைப் பார்த்து, "நக்கோ" என்றாள். காதைக் காட்டி மீண்டும் "நக்கோ" என்றாள்.

சபீனா அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்கு ஓடிவந்தாள். அன்றே மருத்துவரிடம் காட்டினோம். காது சிவந்திருந்தது, சீழ் கட்டவில்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். நான் வெளியே வந்து தரையில் நெற்றி பதித்து ஸஜ்தா செய்தேன். எல்லாப் புகழும் அவனுக்கே. அழைக்கும் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவன் மறுக்கும் சொல்லைக் கொடுத்தான். ஒரு பெண்பிள்ளைக்கு இவ்வுலகில் எது முதலில் தேவை என்பதை என்னைவிட அவன் அறிந்திருக்கிறான்.

மர்யமுக்கு இன்று எட்டு வயது. இருபது முப்பது சொற்கள் சொல்வாள். அப்பா என்ற சொல் அவற்றில் இல்லை. ஆட்டிசம் அப்படியே இருக்கிறது. அது நீங்கிற்று என்று நான் கூறமாட்டேன். எனக்குள்ளும் கசப்பு இருக்கிறது. அதுவும் நீங்கிற்று என்று கூறமாட்டேன். ஆயினும் தொழுதபின் நான் இப்போது என் மொழியில் வாய்விட்டுக் கேட்கிறேன்.

சென்ற வாரம் அவள் கடையில் அமர்ந்திருந்தாள். சாக்கு வாங்க வந்த முனியப்பன் என்ற விவசாயி, கூடையிலிருந்து நல்ல பழமாக ஒரு தக்காளியை எடுத்து நீட்டினார்.

"இந்தா ஆத்தா, சாப்புடு."

"நக்கோ."

"அப்படின்னா என்னங்க பாய்?"

"வேணாங்கிறா."

"சரிங்க ஆத்தா. நக்கோன்னா நக்கோதான்" என்று கையை எடுத்துக்கொண்டு, அந்தத் தக்காளியைத் தாமே கடித்துத் தின்றபடி சாக்கை எண்ணத் தொடங்கினார். மர்யம் அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

அன்பிற்குரியவர்களே, இத்தகைய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இறைவனிடம் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். கேட்ட சொல்லே வரவேண்டும் என்று அவனுக்குப் பாடம் சொல்லாதீர்கள். பிள்ளையிடம் உங்கள் சொந்த மொழியில் பேசுங்கள். இத்தகைய பிள்ளை அடுத்த வீட்டில் இருந்தால் தாயத்தும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். என் வீட்டுக்கும் நீங்கள் வரலாம். கதவு திறந்தே இருக்கிறது. பேத்தி நக்கோ என்றால் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.