கண்ணாடியில் கட்டிய சிவப்புத் துணி

எங்கள் கம்பெனி லாரிகளின் டீசல் செலவைக் குறைக்க வந்தவர் முவிகாலி அம்மா. கென்யாவின் மொம்பாசா டிப்போவில் எங்களை நிற்க வைத்து, "அதிகமா எரிச்ச திருடன் யாரு? பேரைப் படிங்க" என்றார் மேனேஜர். அந்த அம்மா கையிலிருந்த தாளில் முதல் பெயர் என்னுடையது. எட்டிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இன்னும் சரியாப் பாக்கல சார். ஒரு தடவ வண்டியில போய்ட்டு வந்து சொல்றேன்."

ஏறியது என் வண்டியில். திருடன் என்று வேலை போனால் வேறெந்தக் கம்பெனியும் சேர்க்காது. வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டே ஓட்டினேன்.

உகாண்டாவுக்குள் நுழையும் மலாபா எல்லைக்கு முன்னால் லாரி வரிசை ஆறு கிலோமீட்டர் இருந்தது. விடியலில் சேர்ந்தோம். மதியம் வரை என் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏன் மகோகா அண்ணே, அணைக்கல?"

"அணைச்சா டிரைவர் தூங்குறான்னு நெனச்சு முந்திருவாங்கம்மா. உறுமிக்கிட்டு இருந்தாத்தான் மரியாதை."

"மலாபாவுக்கு அதிகமா வர்றது யாரு?"

"நான்தாம்மா."

"அப்ப திருடன் ஆப்டுட்டான். இந்த வரிசைதான்."

இறங்கிப்போய் டிரைவர்களிடம் பேசினார். முழித்திருப்பவன் லாரியின் முன்பக்கம் ஒரு மரக்கிளையைச் செருகிவிட்டு எஞ்சினை அணைக்கலாம் என்று முடிவானது. செருகினோம். பத்து நிமிடத்தில் மூன்று லாரிகள் முந்திப் போயின. எங்கள் சாலையில் கிளை வைத்தால் வண்டி பழுது என்று அர்த்தம், அது எங்களுக்கே மறந்துவிட்டது!

"நல்லா ஓடுற வண்டியையெல்லாம் படுக்க வெச்சுட்டீங்களேம்மா!" என்று கத்தினான் பின்வண்டி ஒண்டிகோ. அதற்கு அதிகம் சிரித்தவர் அந்த அம்மாதான். பிறகு தோளில் கிடந்த சிவப்பு லேசோத் துணியைக் கிழித்துக் ஒவ்வொரு லாரியின் பக்கக் கண்ணாடியிலும் கட்டினார். சிவப்புத் துணி இருந்தால் டிரைவர் முழித்திருக்கிறான் என்று வரிசை நெடுகச் சொல்லியும் வந்தார். அதற்குப் பிறகு எஞ்சின்களை அணைத்தும் ஒருவரும் முந்தவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்த வரிசையில் மாதாகோவில் மணி என் காதில் விழுந்தது. கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

திரும்பி வந்ததும் மேனேஜரிடம், எல்லார் முன்னாலும், "இவர் திருடல, காத்துக்கிட்டு இருந்தார்" என்றார். வேலை போகவில்லை, வண்டிச் சாவி என் கையிலேயே இருந்தது. அந்த வருடமே எங்கள் லாரிகள் குடிக்கும் டீசலில் கால்வாசி குறைந்தது.

அப்புறம் அந்த அம்மா நக்குரு நகரில் உள்ள வேறொரு கம்பெனிக்குப் போனார். வாசலில் வழியனுப்பும்போது என் வண்டிக் கண்ணாடியைக் காட்டினேன். அவர் அதில் கட்டியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

"திருப்பிக் கேக்கமாட்டேன் அண்ணே, பயப்படாதீங்க. ஆனா தொவச்சுக் கட்டுங்க."