வாசலில் சொல்லாத நோய்

மகளின் வலது செருப்பு தரையில் உரசும் ஒலி கேட்டது. குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற நான் அடுப்பை அணைத்தேன். சில ஆண்டுகளாக எங்கள் வீட்டில் கேட்காதிருந்த ஒலி அது.

மகள் மதுராவுக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே அரிக்கும் நோய்). அந்த எதிர்ப்பாற்றலை அடக்க அரையாண்டுக்கு ஒருமுறை நாளத்தினூடாக மருந்து ஏற்றுகிறார்கள். அதன் பிறகுதான் இழுபட்ட வலது கால் சீரானது. ஆனால் அதே மருந்தினால் கொரோனாத் தடுப்பூசி அவளுடைய உடலில் சரியாக வேலை செய்யவில்லை. மருத்துவர் இதை எனக்கு விளங்கப்படுத்தியிருந்தார்.

விளங்கியும் நான் செய்ததை, இதே நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

ஜேர்மனியில், ஹம் நகரத்தில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சனத்தில் ஒருவருக்கும் நான் அவளுடைய நோயைச் சொல்லவில்லை. அவளையும் சொல்ல விடவில்லை. கலியாணம் பேசும்போது தடையாகும் என்று நினைத்தேன்.

எங்கள் நகரத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் முடிந்த மறுநாள், என் நண்பர் தர்மன் பிரசாதத்தோடு வாசலில் நின்று இருமினார்.

“தேர்ப் புழுதி அண்ணை, வேறை ஒண்டுமில்லை. பிள்ளையின்ரை பேருக்கும் அர்ச்சனை செய்தனான். வாற தேருக்கு மாப்பிள்ளையோடை வரவேணும்.”

அறையிலிருந்து மதுரா, வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்தாள். பிரசாதம் கொண்டுவந்தவரைக் காரணம் சொல்லாமல் வாசலோடு அனுப்ப முடியாது. காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“உள்ளுக்கு வாங்கோ” என்றேன்.

மதுரா முகக்கவசத்தோடு தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

“என்ன பிள்ளை, ஒப்பரேசன் செய்யப் போறியோ?” என்று தர்மன் பகிடி விட்டார்.

நான் சிரித்தேன். அவள் கவசத்தைக் கழற்றினாள்.

எங்கள் இருவருக்கும் கொரோனா தொற்றியது. எனக்குத் தடிமன்போல் மூக்கு ஒழுகியதோடு போய்விட்டது. அவளுக்குக் காய்ச்சல் ஏறியது, பிறகு அந்தக் கால் மறுபடி இழுபட்டது.

நரம்பியல் மருத்துவர் வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் தந்தார். “உடல் சூடேறினால் பழைய அறிகுறிகள் திரும்பி வரலாம். நரம்பில் புதிய தாக்கமாகவும் இருக்கலாம். காய்ச்சல் இறங்கும்வரை எதையும் சொல்ல முடியாது. மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் உடனே அழையுங்கள்” என்றார்.

அதன்பின் நான் அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழிவறைக்குத் தாங்கிக் கூட்டிப்போகும்போது அவள் கேட்டாள்:

“கால் இப்பிடியே நிண்டிட்டா, அப்பா?”

“நிக்காது.”

“டொக்டருக்கே தெரியாது. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“அவரை உள்ளுக்கு விட்டது என்ரை பிழை, பிள்ளை.”

“ஓம்” என்றாள்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை மருந்தேற்றக் குறித்திருந்த டேர்மின் நாளைத் தள்ளிப்போட்டார்கள். கால் பாதிதான் திரும்பியது. மிச்சம் வருமா என்று இன்னும் ஒருவராலும் சொல்ல ஏலவில்லை.

மதுராவிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகு, தர்மனைப் படியிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“அண்டைக்கே சொல்லியிருந்தா, பிரசாதத்தைப் படியிலை வைச்சிட்டுப் போயிருப்பனே அண்ணை.”

அவ்வளவுதான். நான் பயந்த கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை.

இந்த வயதிலும் என் கால்கள் சத்தமின்றி நடக்கின்றன. மதுராவின் கால் காலையில் நன்றாக எழும்புகிறது. பின்னேரம் களைத்ததும் செருப்பு உரசத் தொடங்கும். எங்கள் வீட்டில் இப்போது பகல் என்பது அந்த ஒலி தொடங்கும் வரைக்கும்தான்.